நகரத்தின் வெற்று நிலம் யாருக்கு?

உள்ளூராட்சி மன்றக் கூட்டங்களில் அடிக்கடி ஒலிக்கும் சொற்றொடர் ஒன்றுண்டு. “சும்மா கிடக்கும் காணி” என்பதே அது. பூங்காவின் ஒரு மூலை, குளத்தின் கரை, கோட்டையைச் சூழ்ந்த வெளி, சந்தைக்குப் பின்னால் நிற்கும் நான்கு வேப்பமரங்களின் நிழல் ஆகிய யாவும் இச்சொற்றொடரினுள் அடக்கப்பட்டுவிடுகின்றன. ஒரு நிலம் சும்மா கிடக்கிறது என்று தீர்மானிக்கப்பட்ட மறுகணமே அதனைப் ‘பயன்படுத்தும்’ வழி தேடப்படுகிறது. அவ்வழி பெரும்பாலும் வாகனத் தரிப்பிடத்திலேயே சென்று முடிகிறது. கிறவல் கொட்டிப் பரவி, கயிறு கட்டி, வாயிலிற் பற்றுச்சீட்டுக் கொடுப்பவர் ஒருவரை இருத்திவிட்டால், நிலம் பயன்பட்டது, நெரிசல் தீர்ந்தது, சபைக்கு வருமானமும் கிடைத்தது என்று கணக்கு முடிக்கப்படுகிறது. இக்கணக்கு எவ்வாறு பிழையானது என்பதும், அப்பிழையின் சுமையை யார் தாங்குகின்றனர் என்பதும் ஈண்டு ஆராயப்படத்தக்கனவாகும்.

இவ்வாராய்ச்சிக்கு இன்றுள்ள அவசியம் தெளிவானது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் மோட்டார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்தபின் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகள் இன்றி ஆணையாளர்களாலும் செயலாளர்களாலும் நடத்தப்பட்ட உள்ளூராட்சி மன்றங்களுக்கு 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடைபெற்றது. வாகனங்களும் உறுப்பினர்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நகருக்குள் வந்துள்ளனர். இச்சபைகள் முதலிற் செய்யும் தீர்மானங்களே பின்வரும் சபைகளுக்கு முன்மாதிரிகளாக அமையும்.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் நோக்குதல் முறையாகும். யாழ்ப்பாண நகரின் கஸ்தூரியார் வீதியையோ ஆஸ்பத்திரி வீதியையோ காலை வேளையிற் கடந்தவர் எவரும் நெரிசல் இல்லை என்று வாதிடமாட்டார். குடாநாட்டின் கிராமங்களிலிருந்தும் தீவகத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் நோயாளரை ஏற்றிவருவோருக்கு வண்டியை நிறுத்த ஓரிடம் வேண்டும். வாடிக்கையாளர் நின்று பொருள் வாங்க இயலாத தெருவில் வியாபாரம் மெலியும் என்னும் வணிகரின் அச்சமும் வெறும் கற்பனையன்று. இவற்றையெல்லாம் புறந்தள்ளி மரங்களின் அழகை மட்டும் பாடிக்கொண்டிருத்தல் அறிவுடைமை ஆகாது. ஆயின், நோய் உண்மையானது என்பதனால் கொடுக்கப்படும் மருந்தும் உண்மையானது என்று ஆகிவிடாது. மருந்து எத்தனை பேரைக் குணப்படுத்தும், எதனை அழித்துக் குணப்படுத்தும் என்ற இரு வினாக்களுக்கும் விடை காண வேண்டியுள்ளது.

முதல் வினாவுக்குரிய விடை எளிய எண்கணிதத்திலேயே கிடைக்கிறது. ஒரு மோட்டார் கார் நிற்பதற்கு ஏறக்குறைய 12 சதுர மீற்றர் நிலம் வேண்டும். அது உள்ளே வந்து திரும்பி வெளியேறும் வழியையும் சேர்த்தால் தேவை 25 சதுர மீற்றர் அளவினதாகிறது. யாழ்ப்பாணத்துக் காணிக் கணக்கில் ஒரு பரப்பு என்பது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். ஆகவே, ஒரு பரப்புக் காணியை முற்றாகக் கொடுத்தால் அதில் நிற்கக்கூடியவை பத்துக் கார்கள். நூறு கார்களுக்குப் பத்துப் பரப்பு வேண்டும். யாழ்ப்பாண நகரத்தின் நடுவே பத்துப் பரப்புத் திறந்த வெளி எங்கெங்கு எஞ்சியுள்ளது என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்தனையையும் கொடுத்த பின்னரும் தீரப்போவது சில நூறு கார்களின் தேவையே. இரண்டு பஸ் வண்டிகள் ஒரு நடையிற் கொண்டுவந்து இறக்கும் மக்கள் தொகையை, காருக்கு இருவர் வீதம் கொண்டுவந்து நிறுத்துவதற்கு ஐந்து பரப்பு நிலம் செலவாகிறது. பஸ் வண்டியோ ஆட்களை இறக்கிவிட்டு அப்பாற் சென்றுவிடுகிறது.

இரண்டாவது வினாவாகிய அழிவு, நாட்டின் எல்லாப் பாகங்களிலும் ஒரே தன்மையினதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அது மிகக் கொடிது. இங்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை, மலை இல்லை. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கும் மழைநீரே கிணறுகளின் ஒரே மூலதனம். ஆண்டு மழைவீழ்ச்சியாகிய ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றரில் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரையிலான சில கிழமைகளிற் பெய்து முடிந்துவிடுகிறது. அக்கிழமைகளில் நிலம் வாய்திறந்து குடித்தால் மட்டுமே சித்திரை வெயிலிற் கிணற்றில் நீர் இருக்கும். ஒரு சதுர மீற்றர் நிலத்தின் மேல் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் நீராகும். இக்கணக்கின்படி ஒரு பரப்பு நிலம் ஓர் ஆண்டில் ஏந்தும் மழைநீர் சுமார் 3 இலட்சம் லீற்றர். இதில் ஒரு பங்கு ஆவியாகும். ஒரு பங்கை மரஞ்செடிகள் உண்ணும். எஞ்சியது நிலத்தடிக்குச் செல்லும். அந்நிலத்தைத் தாரினாலோ சீமெந்தினாலோ மூடிய பின், நீர் வாய்க்கால் வழியே சென்று கடலிற் சேர்கிறது. வாய்க்கால் அடைபட்டிருப்பின் வீதியிலும் வீடுகளிலும் நிற்கிறது. மாரியில் வெள்ளமும் கோடையில் வரட்சியும் ஒரே பிழையின் இரு முகங்கள். ஆகவே “சும்மா கிடக்கும் காணி” ஒருபோதும் சும்மா கிடக்கவில்லை. நகரின் குடிநீரை அது ஆண்டுதோறும் கூலியின்றிச் சேமித்து வைத்துக்கொண்டிருக்கிறது.

‘தார் போடவில்லை, கிறவல்தான் பரவுகிறோம், நீர் இறங்கும்’ என்று இதற்கு விடையிறுக்கப்படுவதுண்டு. சில்லுகள் நாள்தோறும் ஏறி இறங்கும் கிறவல் சில மாதங்களில் இறுகிப் பாறை போலாகிவிடும் என்பதை எந்த ஒழுங்கையிலும் காணலாம். மண் இறுகினால் வேர்களுக்குக் காற்றும் நீரும் கிட்டா. வெட்டப்படாத மரமும் நின்ற நிலையிலேயே பட்டுப்போகும். அன்றியும், நிற்கும் வாகனங்களிலிருந்து சொட்டும் எண்ணெய் மண்ணிற் படிகிறது. வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக் கல்லின் மேல் வாழ்வோர் எண்ணெயை அற்பமாகக் கருதலாகாது. சுன்னாகப் பகுதியின் நிலத்தடி நீர் எண்ணெயால் மாசுற்றமை தொடர்பான வழக்கில் 2019 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. அங்கு மாசின் மூலம் மின்னிலையம். அதன் அளவும் வேறு. எனினும் மேலே சிந்தியது கீழே கிணற்றுக்குச் செல்லும் என்ற பாடம் ஒன்றே.

முரண்பாடு யாதெனில், இதே நகரம் தன் குளங்களின் அருமையை ஓரளவு உணர்ந்துள்ளது என்பதே. 2021 ஆம் ஆண்டு ஆரியகுளம் புனரமைக்கப்பட்டபோது மக்கள் அதனை மகிழ்ச்சியுடன் வரவேற்றனர். குளத்தைத் தூர்வாரிப் படிகட்டி விளக்கு வைப்பது நன்றே. ஆனால் குளத்துக்கு நீர் வரும் வழியையும், அதனைச் சூழ்ந்து நீரை உறிஞ்சும் மண்ணையும் அடைத்துவிட்டுக் குளத்தை மட்டும் அழகுபடுத்துவது, வயிற்றைப் பட்டினி போட்டு முகத்துக்கு மாப்பூசுவதை ஒக்கும். தலைநகரின் அனுபவமும் இதனையே உணர்த்துகிறது. சதுப்பு நிலங்களைத் ‘தரிசு’ என்று கூறி நிரப்பிவந்த கொழும்புப் பிரதேசத்தில், 2010 நவம்பர் மழையின்போது பாராளுமன்ற வளவே வெள்ளத்தில் மூழ்கியது. எஞ்சிய சதுப்பு நிலங்கள் வெள்ளத்தைத் தாங்கும் பாத்திரங்கள் என்பது அதன்பின்னரே வலுவாக உணரப்பட்டது. அவற்றின் பொருட்டே 2018 ஆம் ஆண்டு கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற சர்வதேச அங்கீகாரமும் கிடைத்தது. நேற்றுத் தரிசு எனப்பட்டது இன்று பெருமையாயிற்று. இடையில் நிரப்பப்பட்டவை திரும்பவில்லை.

இனி, பசுமை வெளியை இழப்பவர் யார் என்பதை நோக்குவோம். தன் வளவில் மாமரமும் பலாமரமும் உள்ளவனுக்குப் பூங்கா என்பது வெறும் அலங்காரம். ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவனுக்கோ அதுவே முற்றம். மருத்துவமனையில் உறவினரைச் சேர்த்துவிட்டுப் பார்வையாளர் நேரம் வரும்வரை காத்திருக்கும் தாய், அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் உள்ள மாணவன், அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்பவர், வெயிலிற் சுமை இறக்கிய நாட்டாமை, ஓய்வூதியம் எடுக்க வந்த முதியவர் ஆகியோரே நகரத்து நிழலின் உண்மையான உரிமையாளர். இவர்களுட் பெரும்பாலோர் பஸ்ஸிலோ துவிச்சக்கர வண்டியிலோ கால்நடையாகவோ நகருக்கு வருபவர்கள். நிழலைத் தரிப்பிடமாக்கும் தீர்மானம், நடந்து வருபவனின் இருப்பிடத்தைப் பறித்துக் காரில் வருபவனின் காருக்கு இருப்பிடம் அளிக்கும் தீர்மானமாகும். அபிவிருத்தி என்ற பொதுப்பெயரால் இந்த வர்க்கச் சார்பு மறைக்கப்படுகிறது.

வாகனம் ஒரு தனியுடைமை. அதனை வாங்குபவன் அதற்குரிய விலையையும் வரியையும் எரிபொருட் செலவையும் ஏற்கிறான். ஆனால் அது நிற்கும் நிலத்தின் செலவை மட்டும் ஊர் ஏற்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. தரிப்பிடப் பொருளாதாரத்தை விரிவாக ஆராய்ந்து 2005 இல் நூல் வெளியிட்ட அமெரிக்க அறிஞர் டொனால்ட் சூப், ஒரு கார் தன் வாழ்நாளின் ஏறத்தாழ 95 வீத நேரம் நின்றுகொண்டே இருக்கிறது என்று எடுத்துக்காட்டினார். இத்தகைய பொருளுக்கு இலவசமாக நிலம் அளிப்பது, அதனை மேலும் வாங்குமாறு ஊக்குவிப்பதே என்பது அவரது முடிவு. யப்பான் இதற்கு முற்றிலும் மாறான வழியை மேற்கொண்டது. அங்கு 1962 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, காரை வைத்திருக்க வீட்டுக்கு அண்மையில் தனக்கு இடமுண்டு என்று நிறுவியபின்னரே ஒருவர் அதனைப் பதிவுசெய்ய இயலும். இடம் தேடும் கடமை வாகனம் வாங்குபவனுடையது, ஊருடையதன்று. கார்த் தொழிலிற் பேர்பெற்ற நாடே இவ்வாறு விதித்தமை மனங்கொளத்தக்கது.

இலங்கையிலும் சட்டம் முற்றாக மௌனமாயில்லை. நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிகள் புதிய வணிகக் கட்டிடங்கள் தம் வளவினுள்ளேயே தரிப்பிடம் அமைக்க வேண்டும் என்று கூறுகின்றன. நடைமுறையிலோ, வரைபடத்தில் தரிப்பிடமாகக் காட்டப்பட்ட கீழ்த்தளம் சில காலத்துட் களஞ்சியமாகவோ கடையாகவோ உருமாறுவது எல்லா நகரங்களிலும் கண்கூடு. கட்டிட உரிமையாளர் தம் கடமையிலிருந்து தப்பும்போது வாகனங்கள் தெருவுக்கு வருகின்றன. தெரு நிரம்பியதும் பூங்காவின் மேற் கண் விழுகிறது. தனியார் மீறிய விதியின் தண்டத்தைப் பொது நிலம் கட்டுகிறது. வேப்பமரத்தின் அடியில் அளவுகோலை வைக்கும் முன், சபையின் பரிசோதகர்கள் அனுமதி வழங்கப்பட்ட கட்டிடங்களின் கீழ்த்தளங்களை ஒருமுறை அளந்து பார்ப்பது நன்று.

‘தற்காலிகம்’ என்ற சொல்லும் ஆராயப்படவேண்டியது. திருவிழாக் காலத்துக்கு மட்டும், கண்காட்சி முடியும் வரை மட்டும் என்று தொடங்குவது பின்னர் வழக்கமாகி, வழக்கம் உரிமையாகிறது. இதற்கு ஐக்கிய அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்து ஓவர்ட்டன் பூங்கா தக்கதோர் எடுத்துக்காட்டு. 1901 ஆம் ஆண்டிற் தொடங்கப்பட்ட அப்பூங்காவை ஊடறுத்து நெடுஞ்சாலை அமைக்க அரசு முயன்றபோது நகர மக்கள் வழக்காடினர். வேறு இயலக்கூடிய வழி உள்ளபோது பூங்கா நிலத்தை எடுத்தலாகாது என்ற சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ள வேண்டும் என்று 1971 இல் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நெடுஞ்சாலைத் திட்டம் ஈற்றிற் கைவிடப்பட்டது. நெடுஞ்சாலையை வென்ற அப்பூங்கா, நின்றுகொண்டிருக்கும் காரிடம் தோற்றது. பூங்காவினுள் உள்ள விலங்குக்காட்சிச்சாலைக்குச் சனம் மிகுந்த நாட்களில் வருவோரின் வாகனங்கள், இடம் போதாமையால் அருகிலுள்ள புல்வெளியில் விடப்பட்டன. இது பல பத்தாண்டுகள் நீடித்தது. 2016 மார்ச்சில் நகரசபை அப்புல்வெளியின் பெரும்பகுதியின் கட்டுப்பாட்டை விலங்குக்காட்சிச்சாலைக்கே அளித்து வாக்களித்தது. மக்கள் மீண்டும் போராடினர். 2022 ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின்னரே புல்வெளி முற்றாகத் திரும்பக் கிடைத்தது. அப்போது கண்டுபிடிக்கப்பட்ட மாற்று வழி யாது? விலங்குக்காட்சிச்சாலையின் பாவனையில் ஏற்கெனவே இருந்த இடத்திலேயே மேலதிகத் தரிப்பிடம் அமைப்பது. தொடக்கத்திலேயே தேடியிருக்கக்கூடிய விடை, புல்வெளி இலவசமாகக் கிடைத்தமையாற் தேடப்படவில்லை. இலவச நிலம் சிந்தனையை மழுங்கச் செய்கிறது என்பதே மெம்பிஸ் தரும் பாடம்.

யாழ்ப்பாணத்தில் முற்றவெளியை அறிந்தோர்க்கு இப்பாடம் அந்நியமானதன்று. கோட்டைக்கும் நகருக்கும் இடையே பரந்து கிடக்கும் அவ்வெளி, வர்த்தகக் கண்காட்சிகளின்போதும் களியாட்டங்களின்போதும் வாகனங்களால் நிறைகிறது. சில நாட் பாவனை என்ற அளவில் அது நிற்கும்வரை பெருங்கேடு இல்லை. அந்தச் சில நாட்களை முன்னுதாரணமாகக் காட்டி நிரந்தர வேலி கேட்கும் நாளே அஞ்சத்தக்கது.

பொது நிலத்தின் மேல் உள்ளூராட்சி மன்றத்துக்குள்ள உரிமை எத்தகையது? 1859 இற் காலிமுகத் திடலை நிறைவுசெய்த தேசாதிபதி ஹென்றி வார்ட், கொழும்பு நகரத்துப் பெண்களினதும் சிறுவர்களினதும் நலன்கருதி அவ்வுலாவிடத்தைப் பேணுமாறு தமக்குப் பின்வருவோரைக் கல்லிற் பொறித்து வேண்டிக்கொண்டார். வட மாகாணத்தில் 1829 முதல் 1867 வரை அரசாங்க அதிபராயிருந்த டைக் உருவாக்கிய பூங்காவே இன்று யாழ்ப்பாணத்தில் பழைய பூங்கா என வழங்கும் மரச்சோலை. குடியேற்ற ஆட்சியாளர் மக்களுக்காகவே யாவற்றையும் செய்தனர் என்று கொள்வது பேதைமை. அந்நிழல்களை முதலில் அனுபவித்தோர் அவர்களே. எனினும், தமக்குப் பின்வருவோர் என்று ஒரு கூட்டம் உண்டு என்ற எண்ணம் அவர்களிடம் இருந்தது. மக்களால் தெரிவுசெய்யப்பட்ட சபை, நான்காண்டு ஆயுளை மட்டும் கருதி நாற்பதாண்டு மரத்தை எடைபோடுமாயின், அந்நிய ஆட்சியாளனுக்கு இருந்த அளவு தொலைநோக்கும் சுயாட்சிக்கு இல்லை என்ற இழிவே மிஞ்சும். 1947 ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் மக்களின் சுகத்தையும் வசதியையும் நலனையும் பேணிப் பெருக்கும் கடமையைச் சபைகளிடம் ஒப்படைத்துள்ளது. சபை அந்நிலத்தின் காவலன், உடைமையாளன் அல்லன்.

சபைகளின் வறுமையே இத்தீர்மானங்களுக்கு உண்மைக் காரணம் என்பாரும் உளர். ஆதனவரி போதாது, மத்திய அரசின் நிதி காலத்திற் கிடையாது, குத்தகைப் பணமாவது வரட்டும் என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் வருமானம் பெறும் வழி பூங்காவில் அன்று, வீதியிலேயே உள்ளது. ஏற்கெனவே தாரிடப்பட்ட வீதியோரங்களில் நேர எல்லை விதித்து, மணிக்கணக்கிற் கட்டணம் அறவிட்டால், காலை வந்து மாலைவரை நிற்கும் வண்டி விலகி, அரை மணி நேர அலுவலுக்கு வருவோர் பலருக்கு அவ்விடம் மாறிமாறிக் கிடைக்கும். கடைக்காரர் வேண்டுவது அவ்வாடிக்கையாளரையே. பல வேளைகளிற் கடை வாசலை நாள் முழுவதும் அடைத்து நிற்பது கடைக்காரரின் சொந்த வாகனமே என்பதும் சொல்லப்பட வேண்டிய உண்மை. மாலையிலும் விடுமுறையிலும் வெறுமையாகக் கிடக்கும் அரச அலுவலக வளவுகளைத் திறந்துவிடலாம். சுமை இறக்கும் லொறிகளுக்கு அதிகாலையை ஒதுக்கலாம். மருத்துவமனையின் அருகே நோயாளருக்கும் வலுவிழந்தோருக்கும் இடங்களைத் தனியாகக் குறித்து, அவற்றைப் பிறர் பற்றிக்கொள்ளாது காக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பஸ் வண்டிகள் நேரத்துக்கு வந்தால், காரை வீட்டில் விட்டுவர விரும்புவோர் பலராவர்.

‘வெட்டும் மரத்துக்குப் பதிலாகப் பத்துக் கன்று நடுவோம்’ என்பது இறுதியாகக் கூறப்படும் சமாதானம். நடப்படும் கன்றுகளுக்கு விழா உண்டு. ஊற்றப்படும் நீருக்குப் பொறுப்பாளர் இல்லை. உயிர் தப்பிய கன்றும் ஒரு முழு மரத்தின் நிழலைத் தர ஒரு தலைமுறை செல்லும். மேலும், கன்று நடப்படுவது நகரின் புறத்தே. நிழல் தேவைப்படுவது நகரின் நடுவே.

ஆகவே சபைகளிடம் கோரவேண்டியவை மூன்று. முதலாவது, தமது எல்லைக்குட்பட்ட பொதுத் திறந்த வெளிகள் யாவற்றையும் பரப்பளவுடன் பட்டியலிட்டு மக்கள் பார்வைக்கு வைத்தல். இரண்டாவது, அவற்றுள் ஓரங்குல நிலத்தின் பயனை மாற்றுவதாயினும் முன்னறிவித்தல் கொடுத்து, ஆட்சேபங்களைக் கேட்டு, உறுப்பினர் ஒவ்வொருவரும் வாக்களித்த விதத்தைப் பதிவுசெய்தல். மூன்றாவது, தாரிட்ட நிலம் முழுவதும் சீராகப் பயன்படுகிறது என்று நிறுவப்படும்வரை தாரிடாத நிலத்தைத் தொடாதிருத்தல். இவை எவற்றுக்கும் பெரும்பணம் வேண்டியதில்லை.

பல்கலைக்கழகத்தினருக்கும் இதிற் கடமையுண்டு. நிலத்தடி நீரைப் புவியியலாளர் அளக்கின்றனர். காணியின் விலையைப் பொருளியலாளர் கணிக்கின்றனர். பொதுநம்பிக்கைப் பொறுப்பைச் சட்ட மாணவர் கற்கின்றனர். இவ்வறிவு ஆய்வேடுகளில் உறங்க, ஆறு பேர் கூடிய உபகுழு ஒன்று பிற்பகலில் ஒரு குளக்கரையைக் குத்தகைக்கு விட்டுவிடுகிறது. அக்கூட்டங்களின் பார்வையாளர் கூடத்திற் சென்று அமரவும், ஆட்சேப மனு எழுதவும், அளந்த கணக்கை உறுப்பினர் முன் வைக்கவும் கற்றோர் முன்வரல் வேண்டும். வேறிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சிறிது தூரம் நடந்துவர எவராலும் இயலும். மூடப்பட்ட மண்ணின் கீழ் வற்றிய கிணற்றுக்குத் திரும்ப நீர் கொண்டுவர எந்தச் சபையின் தீர்மானத்தாலும் இயலாது.